மாறிப்போன இலக்கங்கள்

எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்களை வழியனுப்பும் வார்த்தைகள் பல தடவை மாறிவிட்டன. எண்பதுகளில், "போய்ச் சேந்ததும் காயிதம் போடு" என்பார்கள். காயிதம் வந்து சேர இரண்டு மூன்று கிழமை பிடிக்கும். பிறகு ஒலிநாடா வந்தது. சவூதியிலிருந்து ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பிய ஒலிநாடாவை வானொலிப் பெட்டியில் போட்டுவிட்டு, குடும்பமே சுற்றிவர இருந்து கேட்டு அழும். தொண்ணூறுகளில் சந்திக்குச் சந்தி கொமியூனிகேஷன் கடைகள் முளைத்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று ஒருவர் கத்த, வெளியே காத்திருக்கும் பத்துப் பேருக்கும் அந்த வீட்டு விடயம் தெரிந்துவிடும். இப்போது எல்லாம் சுருங்கி ஒரே வார்த்தையாகிவிட்டது: "எறங்கினதும் சிம் ஒண்டு எடுத்துட்டு அடி."

இந்தச் சிம் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அது மலிவானது, விரலிடுக்கில் மறைந்துவிடக் கூடியது, தேவை முடிந்ததும் குப்பைக்குப் போவது. ஆனால் கடல் கடந்து நிற்கும் ஒருவரை வீட்டோடு கட்டி வைத்திருப்பதும் அதுதான். இந்த இரண்டு உண்மைகளும் ஒரே அட்டையில் இருப்பதால் வருகிற வில்லங்கத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

2006 இல் உம்மாவை உம்ராவுக்குக் கூட்டிச் சென்றேன். என் கையடக்கத் தொலைபேசி அங்கே ரோமிங்கில் வேலை செய்யும் என்று கொழும்பில் சொன்னார்கள். கட்டணத்தைக் கேட்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். பேசினாலும் காசு, யாராவது நம்மோடு பேசினாலும் காசு. மக்காவில் இறங்கிய மறுநாள், ஹரத்துக்குப் போகும் வழியிலிருந்த சிறு கடையொன்றில் முற்கொடுப்பனவு சிம் ஒன்று வாங்கினேன். கடையில் நின்றவர் மலையாளி. என் தொலைபேசியின் முதுகைத் திறந்து, இலங்கைச் சிம்மை எடுத்து ஒரு சிறு தாளில் மடித்து என் கையில் தந்து, "இதைத் தொலைக்காதே, அது உன் வீடு" என்றார். வியாபாரப் பேச்சாகத்தான் அப்போது அதை எடுத்துக்கொண்டேன்.

உம்மாவுக்கு அந்தச் சுரண்டும் அட்டை பெரிய அதிசயம். நாணயத்தால் சுரண்டி, தெரிகிற இலக்கங்களை அழுத்தினால் காசு உள்ளே போய்விடுகிறது என்பதை அவர் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. ஊரோடு எங்களுக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒருதரம் மிஸ் கோல் என்றால் நாங்கள் சுகம். இரண்டுதரம் என்றால் உம்மா பேச விரும்புகிறார், யாரையும் வெளியே போகாமல் வீட்டில் இருக்கச் சொல். மூன்றுதரம் அடித்தால் உடனே எடு. மூன்றாவதற்கு அல்லாஹ்வின் உதவியால் தேவை வரவில்லை. மிஸ் கோலில் ஒரு குடும்பத்தை நடத்திய காலம் அது. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

ரோமிங் ஏன் அவ்வளவு விலை என்பதைப் பிற்பாடு தொலைத்தொடர்புத் துறையில் வேலை செய்யும் என் மச்சானிடம் கேட்டு விளங்கிக்கொண்டேன். சிம்முக்குள் பதினைந்து இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாளம் இருக்கிறது. அதன் முதல் மூன்றும் நாட்டைக் குறிக்கும். இலங்கைக்கு 413, சவூதிக்கு 420. நம் சிம்மோடு ஜித்தாவில் இறங்கியதும் அங்குள்ள வலையமைப்பு 413 ஐக் கண்டு, இது வெளியூர் ஆள் என்று அறிந்து, நம் நிறுவனத்திடம், "இவர் உங்கள் ஆளா, செலவுக்கு நீங்கள் பொறுப்பா?" என்று கேட்கிறது. ஆம் என்றால்தான் உள்ளே விடும். ஊரிலிருந்து ஒருவர் நம் பழைய இலக்கத்துக்கு எடுத்தால், அந்த அழைப்பு முதலில் இலங்கையிலுள்ள நம் வலையமைப்புக்குப் போய் அங்கிருந்து கடல் தாண்டி வருகிறது. கடல் தாண்டும் பகுதியின் செலவு நம் தலையில். மக்காவில் பக்கத்து அறையில் இருக்கிறவர் நம் இலங்கை இலக்கத்துக்கு எடுத்தாலும் இதே கதைதான். குரல் இலங்கைக்குப் போய்த் திரும்பி வரும். உள்ளூர்ச் சிம் வாங்கினால் இந்தச் சுற்று இல்லை. ஆகவே மலிவு.

அவர் சொன்ன இன்னொரு விடயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நம் தொலைபேசி இலக்கம் அந்த அட்டைக்குள் இருக்கிறதென்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். அப்படியில்லையாம். அட்டைக்குள் இருப்பது அந்தப் பதினைந்து இலக்க அடையாளமும் ஓர் இரகசியத் திறவுகோலும். எந்த அட்டைக்கு எந்தத் தொலைபேசி இலக்கம் என்பது நிறுவனத்தின் பதிவேட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் சிம் தொலைந்தால் அதே இலக்கத்துக்குப் புதுச் சிம் தருகிறார்கள். அதனால்தான் நாம் காசு போடாமல் விட்டால் அதே இலக்கத்தை இன்னொருவருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். "நம்பர் உங்கட இல்ல மச்சான். நீங்க வாடகைக்கு இரிக்கிறீங்க" என்றார் அவர்.

இந்த மாதிரியான அட்டை ஒன்றும் பழங்காலத்துப் பொருளல்ல. இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989 இலேயே தொடங்கிவிட்டது என்றாலும், சிம் அட்டை பயன்படும் ஜி.எஸ்.எம். முறை உலகில் முதன்முதல் வர்த்தக ரீதியாகத் தொடங்கியது 1991 இல், பின்லாந்தில். ஜேர்மனியின் மியூனிக் நகரத்து நிறுவனமொன்று அதற்கான அட்டைகளைச் செய்து கொடுத்தது. அன்று அவை வங்கி அட்டை அளவில் இருந்தன. இலங்கைக்கு ஜி.எஸ்.எம். வந்தது 1995 இல். அதே 1995 இல் போர்த்துக்கல்லில் முற்கொடுப்பனவு முறை அறிமுகமானது. மாதாந்தப் பட்டியலும் இல்லை, உத்தரவாதமும் இல்லை, காசைக் கொடு, பேசு. உலகத்தின் கூலித் தொழிலாளர்களுக்கெல்லாம் தொலைபேசி கிடைத்தது இந்த ஏற்பாட்டால்தான். மாதச் சம்பளச் சான்றிதழ் காட்ட முடியாத ஒரு வீட்டுப் பணிப்பெண் பிற்கொடுப்பனவு இணைப்பை எங்கே எடுப்பது?

அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் கதைக்கு இனி வருகிறேன். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ராத்தாவின் மகள் 2008 இல் ரியாதுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போய் நாலாம் மாதம் கையில் ஒரு தொலைபேசி கிடைத்தது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் உம்மாவுக்கு எடுப்பாள். ராத்தாவின் பழைய இலக்கம் அவளுக்குப் பாடம். சிறு வயதிலிருந்து அடித்துப் பழகிய இலக்கம்.

2009 இல் நம் நாட்டில் இன்னுமொரு நிறுவனம் சந்தைக்கு வந்தது. போட்டியில் அழைப்புக் கட்டணங்கள் சரிந்தன. ஊரெல்லாம் சிம் மாற்றியது. ராத்தாவின் மருமகனும் அவருக்குப் புதுச் சிம் ஒன்று வாங்கிக் கொடுத்தான். புது இலக்கத்தை மகளுக்குச் சொன்னார்கள். அவள் அதைத் தன் தொலைபேசியில் பதிந்துகொண்டாள். பழைய சிம் அலுமாரிக்குள் கிடந்து, காசு போடாமலே காலாவதியானது. எல்லோரும் செய்கிற காரியம்தான். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

2010 நடுப்பகுதியில் மகளின் அழைப்பு நின்றது. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி. ராத்தா அவளுடைய சவூதி இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தார். முதலில் அரபியில் ஒரு பதிவுக் குரல் வந்தது. அதுவே சில மாதங்கள் தொடர்ந்தது. பிறகொரு நாள் ஓர் ஆண் குரல் வந்தது. ராத்தா பயந்து வைத்துவிட்டார். அன்றிரவே என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்த நம்பருக்கு ஒருக்கா எடுத்துத் தாங்க. என்ட புள்ளையிட போன்ல ஆரோ ஆம்புள பேசுறான்."

நான் எடுத்தேன். எடுத்தவர் பங்களாதேஷ்காரர். பாதி ஆங்கிலமும் பாதி ஹிந்தியுமாகப் பேசினோம். ரியாதின் பத்ஹா கடைத்தெருவில் அந்தச் சிம்மை வாங்கி மூன்று வாரம் ஆகிறதாம். அதற்கு முன்பு யாரிடம் இருந்ததென்று அவருக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை. காசு போடாத இலக்கம் சில காலம் சும்மா கிடந்து, பின்பு புது அட்டையோடு புது ஆளிடம் போயிருக்கிறது. பதிவேட்டில் ஒரு வரி மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

இதை ராத்தாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்டபாடு கொஞ்சமல்ல. மகளின் இலக்கம் இருக்கிறது, மணியும் அடிக்கிறது, மகள் மட்டும் இல்லையென்றால் எந்தத் தாய்தான் ஏற்பாள்? அவர் கிழமைக்கு ஒருதரமாவது அந்த இலக்கத்துக்கு எடுத்துக்கொண்டே இருந்தார். ஒருவேளை இந்தத் தடவை அவள் எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த மனிதர் ஒருநாளும் ஏசவில்லை. பிறகு பிறகு ராத்தாவின் இலக்கத்தைக் கண்டதும், "மா, ராங் நம்பர் மா" என்று மெதுவாகச் சொல்லுவாராம். அவர்களுடைய மொழியிலும் தாய்க்கு 'மா' தானே. "நல்ல எடத்துப் புள்ள போல தம்பி" என்று ராத்தா என்னிடம் சொன்னார். அனுப்பிய முகவரிடம் போய்க் கேட்டால், எசமானின் தொலைபேசி வேலை செய்யவில்லை என்ற பதில்தான் கிடைத்தது.

ஏழு மாதங்கள் இப்படிப் போயின.

பிறகு நடந்ததை எங்கள் ஒழுங்கை இன்றும் பேசும். சந்தியில் பழைய கொமியூனிகேஷன் கடையொன்று இருக்கிறது. அது அப்போதே போட்டோக் கொப்பிக் கடையாகவும் ரீலோட் போடும் கடையாகவும் மாறிவிட்டிருந்தது. ஆனால் கடைக்கார காக்கா அந்தக் கம்பித் தொலைபேசியைக் கழற்றவில்லை. இலக்கமும் பலகையில் சிவப்பு மையால் எழுதியபடியே இருந்தது. 2011 தொடக்கத்தில் ஒரு பகல் நேரம் அந்தத் தொலைபேசி அடித்தது. பேசியது ராத்தாவின் மகள். "காக்கா, பத்து நிமிசத்துல திரும்பவும் எடுக்கிறன். உம்மாவக் கூட்டிட்டு வாங்க." கடைப் பையன் சைக்கிளில் பறந்தான். ராத்தா முந்தானை நிலத்தில் இழுபட ஓடிவந்தார். தொண்ணூறுகளில் ஓடியது போலவே.

வேறொரு வீட்டுக்கு, ரியாதிலிருந்து வெகு தொலைவுக்கு, அவளை மாற்றியிருந்தார்கள். தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உம்மாவின் புது இலக்கம் அந்தத் தொலைபேசியோடு போய்விட்டது. மனதிலிருந்தது பழைய இலக்கம்தான். கிடைத்த சந்தர்ப்பத்திலெல்லாம் மற்றவர்களின் தொலைபேசியை இரந்து அந்தப் பழைய இலக்கத்துக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள். அது செத்துப் பல மாதம். கடைசியில் ஒருநாள், சிறு வயதில் வாப்பாவின் அழைப்புக்காகக் காத்து நின்ற கடையின் பலகை கண்ணுக்குள் வந்ததாம். சிவப்பு மையில் எழுதிய இலக்கம். இலங்கைச் சாரதி ஒருவர் தன் முற்கொடுப்பனவுத் தொலைபேசியைக் கொடுத்து உதவியிருக்கிறார்.

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த ஏழு மாதம் முழுதாக விளங்கியது. தாய் ஒரு செத்த இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மகள் இன்னொரு செத்த இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டும் மலிவுக்காகவும் வசதிக்காகவும் கைவிட்டுப் போனவை. நடுவில் அறுபடாமல் இருந்தது, யாரும் பாவிக்காத பழைய கம்பித் தொலைபேசி ஒன்றுதான்.

அன்று மாலை ராத்தா என்னிடம் வந்து சொன்னார். "அந்தப் பெங்காலிப் புள்ளைக்கும் ஒருக்கா எடுத்துச் சொல்லிடுங்க தம்பி. அவனும் மனசுல வெச்சிட்டு இரிப்பான்." நான் எடுத்துச் சொன்னேன். மறுபக்கத்தில் சற்று மௌனம். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ். மா ஹேப்பி?" என்று கேட்டார்.

ரோமிங் என்றால் பணக்காரர் விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். இந்த இடத்தில் 2004 டிசம்பர் 26 எனக்கு ஞாபகம் வருகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று எங்கள் கரையோரம் முழுக்க ஜனாஸாக்களை அடக்கிக்கொண்டிருந்த நாட்களில், வெளிநாட்டிலிருந்த எங்கள் பிள்ளைகள் ஊருக்கு எடுத்து எடுத்துக் களைத்துப் போனார்கள். அதே நாட்களில், நம் நாட்டு வலையமைப்பில் ரோமிங்கில் இருந்த வெளிநாட்டவரின் தொலைபேசிகளை அடையாளங்கண்டு, அவற்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, தப்பியிருந்தவர்களைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். பதில் அனுப்பியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை அவர்களின் நாட்டுக்கு அறிவிக்க முடிந்தது. வீட்டுச் சிம் தொலைபேசிக்குள் இருந்தபடியால் அவர்கள் தேடப்படக் கூடியவர்களாக இருந்தார்கள். இறங்கியதும் சிம்மைக் கழற்றி மடித்து வைத்திருந்தால் அந்தப் பட்டியலில் அவர்கள் இல்லை.

காலம் இப்போது மாறிவிட்டது. 2018 இல் மாமியைக் கூட்டிக்கொண்டு மீண்டும் உம்ராவுக்குப் போனேன். 2016 இலிருந்து சவூதியில் சிம் எடுக்க விரலடையாளம் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. கடவுச்சீட்டைக் கொடுத்து நான் விரலை வைத்ததும் என் வேலை முடிந்தது. மாமியின் விரலை அந்தக் கருவி ஏற்கவில்லை. நாலைந்து தரம் துடைத்துத் துடைத்து வைத்தோம். முப்பது வருடம் கைத்தறியில் நூல் இழுத்த விரல் அது. ரேகை தேய்ந்திருந்தது. கடைசியில் என் பெயரில் இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். கூலிவேலை செய்து தேய்ந்த விரல்கள் எத்தனை நம்மவர்களிடம் இருக்கின்றன என்று அந்தக் கடையில் நின்றபோது யோசித்தேன். அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சிம் இகாமாவோடு கட்டப்பட்டிருக்கிறது. இகாமா எசமானின் அலுமாரிக்குள் இருந்தால் சிம்மும் அவர் தயவில்தான்.

2017 செப்டெம்பரில் சவூதி இணையவழிக் குரல் அழைப்புகளுக்கு இருந்த தடையை நீக்கியது. இப்போது இணையத்தில் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் வட்ஸ்அப்பும் ஒரு தொலைபேசி இலக்கத்தின் மீதுதான் நிற்கிறது. வங்கி அனுப்புகிற இரகசிய இலக்கமும் வீட்டுச் சிம்முக்குத்தான் வரும். அட்டையே இல்லாத சிம்மும் வந்துவிட்டது. 2022 இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 இல் அட்டை போடும் இடமே இல்லை. அட்டை மறைந்தாலும் பதிவேடு மறையவில்லை. இலக்கம் இன்னும் வாடகைக்குத்தான்.

ஆகவே ஊரில் யாராவது பயணம் சொல்ல வந்தால் சில காரியங்களைச் சொல்லி அனுப்புகிறேன். வீட்டுச் சிம்மைக் கழற்றி எறியாதே. இரண்டு சிம் போடும் தொலைபேசி என்றால் அதையும் உள்ளே வை, இல்லையென்றால் பத்திரமாக வை. காலாவதியாக எத்தனை நாள் என்று கேட்டு அறிந்து, அதற்கு முன் ஊரிலுள்ள ஒருவரைக் கொண்டு சிறு தொகை ரீலோட் போடச் சொல். ரோமிங்கில் இணையத்தை மட்டும் நிறுத்தி வை. செலவு பெரும்பாலும் அதில்தான் போகிறது. எல்லா இலக்கங்களையும் 94 என்று தொடங்கி, முன்னால் கூட்டல் குறி போட்டுப் பதிந்துகொள். எந்த நாட்டிலிருந்தும் அது வேலை செய்யும். புதுச் சிம் எடுத்ததும் முதல் அழைப்பிலேயே அதன் இலக்கத்தை இரண்டு வீட்டுக்குச் சொல். கடைசியாக, ஓர் இலக்கத்தையாவது தொலைபேசியில் அல்ல, நெஞ்சில் பதிந்துகொள். கடவுச்சீட்டின் பின் உறைக்குள் ஒரு துண்டில் எழுதியும் வை.

வீட்டிலிருப்பவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: பிள்ளை திரும்பி வரும்வரை நம்பரை மாற்றாதீர்கள்.

ராத்தாவின் மகள் 2012 இல் ஊர் வந்து சேர்ந்தாள். இப்போது கல்யாணம் முடித்து இரண்டு பிள்ளைகள். அதற்குப் பிறகு எத்தனை நிறுவனங்கள் எத்தனை சலுகைகள் அறிவித்துவிட்டன. தொலைபேசி மாறிய போதெல்லாம் ராத்தாவின் சிம்மைச் சிறிதாக வெட்டிப் போட்டார்கள், கடைசியில் புது அட்டையும் எடுத்தார்கள். இலக்கத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. மகள் பக்கத்து அறையில் இருந்தாலும், முதல் தேதி வந்தால் சந்திக் கடைக்குப் போய் நூறு ரூபாய் ரீலோட் போட்டுவிட்டுத்தான் வருவார்.